விட்ட மூச்சைத் திரும்ப இழுப்பது: ரீப்ரீதர் நமக்கு வேண்டுமா?

போன சனிக்கிழமை குளுவாங் பசாருக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பழைய தோட்டத்து லயத்தில் அடுத்த வீட்டில் வளர்ந்த தம்பி ஒருவன் வந்து உட்கார்ந்தான். சிங்கப்பூரில் வேலை, வார இறுதிக்கு வீட்டுக்கு வருகிறவன். ஸ்கூபா கற்று நான்கு வருடம் ஆகிறது, எண்பது முறைக்கு மேல் இறங்கியிருக்கிறான், அதில் பாதி தியோமான் தீவில் என்னோடு. கைப்பேசியை நீட்டினான். யாரோ ஒருவர் முதுகில் பெட்டி மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு, ஒரு குமிழிகூட விடாமல், சுறாவுக்குப் பக்கத்தில் சும்மா மிதந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, இதுதான் ரீப்ரீதர். மூணு மணி நேரம் கீழேயே இருக்கலாமாம். எடுத்துடலாமா?"

அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே குழப்பமாக இருந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ரீப்ரீதர் வைத்திருப்பவன் இல்லை. பதினைந்து வருடமாகச் சாதாரண சிலிண்டரோடு இறங்குகிறவன், ஒரே ஒரு தடவை நீச்சல் குளத்தில் மாட்டிப் பார்த்தவன், அவ்வளவுதான். ஆனால் பிழைப்பு செம்பனை எண்ணெய் ஆலையில். தொட்டிக்குள் ஆள் இறங்குவதற்கு முன் உள்ளே இருக்கும் காற்றைக் கருவி வைத்துச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலைகளில் ஒன்று. ரீப்ரீதரைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குக் கடல் ஞாபகம் வரவில்லை, அந்தத் தொட்டிதான் ஞாபகம் வந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்று அடைத்தால் 2,400 லிட்டர். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு இழுக்கிற ஒருவர் 30 மீட்டர் ஆழத்துக்குப் போனால் அங்கே அழுத்தம் நான்கு மடங்கு, ஒவ்வொரு மூச்சிலும் நான்கு மடங்கு காற்று போகும், அதாவது நிமிடத்துக்கு 80 லிட்டர். அரை மணி நேரத்தில் சிலிண்டர் காலி. சரி, அந்த 80 லிட்டரில் உடம்பு எடுத்துக்கொண்டது எவ்வளவு? நிதானமாக நீந்துகிற ஆளுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆக்சிஜன் போதும். எவ்வளவு உழைக்கிறோமோ அதற்குத் தகுந்த மாதிரிதான் உடம்பு ஆக்சிஜனை எரிக்கும், ஆழத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. மிச்சம் 79 லிட்டரும் குமிழியாக மேலே போய்விடுகிறது. ஒரு பிடி சோறு தின்ன ஒரு அண்டா உலை வைத்து மீதியை வாய்க்காலில் கொட்டுகிற கதைதான்.

விட்ட மூச்சில் இன்னும் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். கரையில் இழுக்கும் காற்றில் 21 விழுக்காடு, விடும்போது 16, 17 விழுக்காடு. கூடவே 4 விழுக்காடு கரியமில வாயு சேர்ந்துகொள்கிறது. அந்தக் கரியமில வாயுவை எடுத்துவிட்டு, செலவான ஆக்சிஜனை மட்டும் ஈடுகட்டினால் அதே மூச்சைத் திரும்ப இழுக்கலாம். ரீப்ரீதர் என்ற பெயருக்கே திரும்ப மூச்சிழுப்பது என்றுதான் பொருள். மற்றதெல்லாம் இந்த இரண்டு வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான்.

கரியமில வாயுவை எடுக்கிற வேலையைச் செய்வது சுண்ணாம்பு. ஆமாம், வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பின் அண்ணன் தம்பி.

எங்கள் பாட்டி வெற்றிலைப் பெட்டியில் ஒரு சின்ன டப்பா வைத்திருப்பார். மூடாமல் விட்டால் திட்டு விழும், மேலே ஏடு படிந்து காய்ந்து ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும் என்பார். நீற்றின சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சாக்குக்கட்டி மாதிரியான பொருளாக மாறிவிடுகிறது என்பது எனக்குப் பிறகு அறிவியல் ஆசிரியர் சொல்லித்தான் தெரியும். தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதினால் பால் மாதிரி வெளுக்குமே, அந்தச் சோதனையேதான். ரீப்ரீதரில் இதைக் குருணையாக, சோடா லைம் என்ற பெயரில் ஒரு டப்பாவில் அடைத்து வைக்கிறார்கள். பெரும்பகுதி நீற்றின சுண்ணாம்பு, கொஞ்சம் காஸ்டிக் சோடா, கொஞ்சம் ஈரம். அந்த டப்பாவுக்கு ஸ்கிரப்பர் என்று பெயர். பல கருவிகளில் இரண்டு, இரண்டரை கிலோ பிடிக்கும், சுமார் மூன்று மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம், குளிர்ந்த தண்ணீரிலும் ஆழத்திலும் கடுமையாக உழைக்கும்போதும் அது குறையும். தம்பி பார்த்த அந்த மூன்று மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? ஆக்சிஜன் சிலிண்டர் சின்னதுதான், மூன்று லிட்டர், ஆனால் நிமிடத்துக்கு ஒரு லிட்டர்தான் செலவு என்றால் 600 லிட்டர் பல மணி நேரத்துக்குப் போகும். முதலில் தீர்வது சுண்ணாம்புதான்.

இனி மூச்சு போகும் பாதை. வாயில் கடித்துக்கொள்ளும் மவுத்பீஸ், அதன் இரண்டு பக்கமும் நெளிவு நெளிவான ரப்பர் குழாய், தோளிலோ முதுகிலோ இரண்டு மூச்சுப்பைகள், நடுவில் ஸ்கிரப்பர். மூச்சு ஒரே திசையில் சுற்றுவதற்காக மவுத்பீஸுக்குள் மெல்லிய ரப்பர் வால்வுகள் இரண்டு. நாம் விடும் மூச்சு ஒரு பையை ஊதி, சுண்ணாம்பைக் கடந்து, அடுத்த பைக்கு வந்து, திரும்ப நம் நுரையீரலுக்கு. இந்தச் சுற்றோடு இரண்டு சின்ன சிலிண்டர்கள் சேர்ந்திருக்கும். ஒன்றில் சுத்த ஆக்சிஜன். இன்னொன்றில் டிலுவெண்ட், பொழுதுபோக்கு முக்குளிப்பில் இது பெரும்பாலும் வெறும் காற்றுதான். கீழே இறங்கும்போது பைகள் நசுங்கும், அதை நிரப்ப இது.

ஆக்சிஜனை எவ்வளவு சேர்ப்பது? இங்கேதான் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூட்டிய காற்று, அதற்குப் பயிற்சி எடுத்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். உடம்புக்கு முக்கியம் விழுக்காடு இல்லை, விழுக்காட்டை அழுத்தத்தால் பெருக்கினால் வரும் எண், அதாவது பகுதி அழுத்தம். கரையில் காற்றுக்கு அது 0.21. அதே காற்று 30 மீட்டரில் 0.84. இந்த எண் 0.16-க்குக் கீழே போனால் ஆபத்து தொடங்குகிறது, இன்னும் இறங்கினால் மயக்கம். மேலே 1.4-ஐத் தாண்டக் கூடாது என்பது பொழுதுபோக்கு முக்குளிப்பில் வழக்கம், 1.6 உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் வலிப்பு வரலாம், தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் மவுத்பீஸ் வாயிலிருந்து நழுவும், அப்புறம் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சுத்த ஆக்சிஜனை மட்டும் சுற்றவிடும் பழைய வகை ரீப்ரீதர்களுக்கு 6 மீட்டர்தான் எல்லை என்பது இதனால்தான். 6 மீட்டரில் அழுத்தம் 1.6 பார், வாயு முழுக்க ஆக்சிஜன்.

இப்போதைய மின்னணு ரீப்ரீதரில் பொதுவாக மூன்று சென்சார்கள் இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நாம் 1.3 என்று வைத்துவிட்டால், அதற்குக் கீழே இறங்கும்போதெல்லாம் சோலினாய்டு என்கிற குட்டி மின்வால்வு 'டிக்' என்று திறந்து கொஞ்சம் ஆக்சிஜன் விடும். இதன் பலன் அழகானது. 30 மீட்டரில் நீங்கள் இழுப்பது ஏறக்குறைய 32 விழுக்காடு ஆக்சிஜன் கலவை, 20 மீட்டருக்கு ஏறினால் 43, பத்து மீட்டரில் 65. ஒவ்வொரு ஆழத்துக்கும் அப்போதைக்கு அப்போது கலந்து கொடுக்கிற நைட்ராக்ஸ். ஆக்சிஜன் கூடினால் நைட்ரஜன் குறையும், ஆழத்தில் உடம்பில் கரைந்து சேரும் நைட்ரஜன் குறைந்தால், அதை வெளியேற்ற வழியில் நிற்காமல் மேலேறக் கிடைக்கும் நேரம் நீளும். இதைக் கையாலேயே பட்டன் அழுத்திச் செய்கிற வகையும் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் குமிழி விடுகிற அரைச்சுற்று வகையும் இருக்கிறது, அதைப் பற்றி இங்கே விரிவாகப் பேசவில்லை, அடிப்படை ஒன்றுதான்.

அந்த நீச்சல் குளத்து அனுபவத்தைச் சொல்கிறேன். முதலில் காதில் விழுந்தது அமைதி. இத்தனை வருடம் தலைக்குப் பக்கத்தில் கேட்ட கொளகொள சத்தம் இல்லை. மூச்சு வெதுவெதுப்பாக, ஈரமாக வந்தது, சுண்ணாம்பு வேலை செய்யும்போது சூடும் நீராவியும் வருமே, அதுதான். சிலிண்டர் காற்று தொண்டையைக் காய வைப்பது போல இது செய்யாது. அப்புறம்தான் சங்கடம். சாதாரண முக்குளிப்பில் ஒரு பாறையைத் தாண்ட வேண்டும் என்றால் கொஞ்சம் ஆழமாக மூச்சிழுப்போம், உடம்பு மெல்ல எழும். இங்கே இழுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. நுரையீரலில் கூடுகிற காற்று பையில் குறைகிறது, மொத்த அளவு அப்படியே இருக்கிறது, அதனால் மிதப்பும் அப்படியே. முழு வேகத்தில் போய்ச் சுவரில் முட்டினேன். பதினைந்து வருடப் பழக்கம் பத்து நிமிடத்தில் பயனில்லாமல் போனது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். மேலே வந்ததும் பயிற்றுநரிடம் பேசுவதற்காக வழக்கம் போல மவுத்பீஸை வாயிலிருந்து எடுத்தேன். சாதாரண சிலிண்டரில் வாயில் கடிக்கிற ரெகுலேட்டரை எடுத்தால் ஒன்றும் ஆகாது, ரீப்ரீதரில் மவுத்பீஸில் இருக்கும் மூடியைத் திருகி மூடாமல் எடுத்தால் அந்த ஓட்டை வழியாகச் சுற்று முழுவதும் தண்ணீர் நிரம்பும். நிரம்பியது. குளம் என்பதால் சிரித்துவிட்டுப் போனோம். கடலில் என்றால் ஒன்று, திடீரென்று கனத்து இறங்கத் தொடங்குவோம். இரண்டு, சுண்ணாம்பில் தண்ணீர் கலந்து கரைசலாகி வாய்க்கு வரும். வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோகுமே, இது காஸ்டிக் சோடாவும் சேர்ந்தது, தொண்டை வரைக்கும் வேகும்.

இப்போது தொட்டிக் கதைக்கு வருகிறேன், இந்தக் கட்டுரையே இதற்காகத்தான்.

ஊரில் பழைய கிணற்றில் தூர் வார இறங்குவதற்கு முன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது. அந்த விளக்கு எதற்கு? இறங்குகிற மனிதனுக்கே தெரியாதா, மூச்சு முட்டாதா? பல நேரம் முட்டாது. நமக்கு மூச்சு முட்டுவது ஆக்சிஜன் குறைவதால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூச்சை அடக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்வது பெரும்பாலும் கரியமில வாயு சேர்வதால். ஆக்சிஜன் மட்டும் குறைந்துகொண்டே வந்து, கரியமில வாயு சேராமல் இருந்தால், உடம்பு பெரிதாக எச்சரிக்காது. லேசாகக் கிறங்கும், சில பேருக்குச் சந்தோஷமாகக்கூட இருக்கும், அப்படியே சாய்ந்துவிடுவார்கள். அதனால்தான் எங்கள் ஆலையில் ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் யாரையும் உள்ளே விடுவதில்லை, 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று யார் சொன்னாலும் சரி. உள்ளே இருப்பவனின் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை, கருவியின் சொல்லுக்குத்தான்.

ரீப்ரீதரை இதோடு வைத்துப் பாருங்கள். சுண்ணாம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் சிலிண்டர் வால்வைத் திறக்க மறந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றும் நுரையீரலும் சேர்ந்து ஏழெட்டு லிட்டர் காற்றுதான், அதில் ஆக்சிஜன் ஒன்றரை லிட்டர்தான். படகுக்குப் பக்கத்தில் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் மயங்கும் அளவுக்குக் குறைந்துவிடலாம். மூச்சு சுகமாகவே இருக்கும். பை ஊதும், சுருங்கும், எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே தோன்றும். சாதாரண சிலிண்டரில் இந்தத் தப்பைச் செய்தால் இரண்டாவது மூச்சு வராது, உடனே தெரிந்துவிடும். மேலேறும்போதும் இதே ஆபத்து. 20 மீட்டரில் 0.5 இருந்தால் பிரச்சினை இல்லை, ஆக்சிஜன் சேராமல் அப்படியே கரைக்கு வந்தால் அது 0.17, வருகிற வழியில் உடம்பு எரித்ததையும் கழித்தால் இன்னும் கீழே.

சாதாரண சிலிண்டர் கோபக்கார மனிதர் மாதிரி, ஏதாவது தப்பு என்றால் அங்கேயே கத்திவிடும். ரீப்ரீதர் அழுத்தமான ஆள். அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், திரையில் இருக்கும் எண்தான் அதன் முகம்.

ஆக்சிஜன் கூடுதலாகப் போவது இன்னொரு பக்கம். சோலினாய்டு திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் கூடும், அது ஒருவகையில் எளிதில் தெரிகிற பழுது. எனக்கு உறுத்துகிறது சென்சார் பழுதுதான். எங்கள் ஆலையின் கருவியில் இருப்பதும் ரீப்ரீதரில் வழக்கமாக இருப்பதும் அடிப்படையில் ஒரே சாதி, ஈயம் கரைந்து கரைந்து ஆக்சிஜனுக்கு ஏற்ப மின்சாரம் தருகிற சின்ன பாட்டரி. பயன்படுத்தினாலும் சும்மா வைத்தாலும் ஆயுள் ஓடும், ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் மாற்றிவிட வேண்டும். வயதான சென்சார் கரையில் 0.21 என்று சரியாகவே சொல்லும். ஆனால் அதனால் ஓரளவுக்கு மேல் மின்சாரம் தர முடியாது, உண்மையில் 1.6 இருக்கும்போதும் 1.1 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கணினி என்ன செய்யும்? 1.3 வரவில்லையே என்று இன்னும் இன்னும் ஆக்சிஜனைத் திறந்துவிடும். அதற்குத்தான் மூன்று சென்சார், இரண்டு ஒத்துப்போனால் மூன்றாவதை ஒதுக்கிவிடலாம் என்ற ஏற்பாடு. மூன்றையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கினால் இரண்டு ஒரே நேரத்தில் கிழடாகும், சரியாகச் சொல்லும் ஒன்றை இரண்டும் சேர்ந்து ஓட்டுப் போட்டுத் தோற்கடித்துவிடும். தோட்டத்துச் சங்கக் கூட்டங்களில் இதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, கரியமில வாயு. சுண்ணாம்பைச் சரியாகத் தட்டி நிரப்பாமல் நடுவில் சந்து விட்டால் மூச்சு அந்தச் சந்து வழியாகவே போய்விடும், அரிசி டின்னைக் குலுக்கிக் குலுக்கி நிரப்புவோமே, அந்தக் கவனம் வேண்டும். ஒரு ரப்பர் வளையம் விட்டுப்போனாலும், மவுத்பீஸ் வால்வு மடங்கியிருந்தாலும், நேற்றைய சுண்ணாம்பை 'இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும்' என்று வைத்துக்கொண்டாலும் இதே விளைவு. இதற்கு அறிகுறி உண்டு, மூச்சு வாங்கும், தலை வலிக்கும், பதற்றம் வரும். கொடுமை என்னவென்றால், பதற்றம் முற்றிவிட்டால் வாயில் இருக்கும் மவுத்பீஸைக் கழற்றி இன்னொன்றை வைக்கும் அந்த இரண்டு விநாடிகூட முடியாமல் போய்விடுகிறது. இறங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து சுற்றில் மூச்சுவிட்டுப் பார்க்கச் சொல்வார்கள், எண்களைச் சரிபார்க்க அது நல்லது. ஆனால் 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்கிரப்பர் பாதி பழுதாக இருந்ததை அந்த ஐந்து நிமிடத்தில் பெரும்பாலோரால் கண்டுபிடிக்க முடியவில்லை. உடம்பை நம்பாதே என்ற ஆலைப் பாடம் இங்கேயும்.

இதற்கெல்லாம் தப்பும் வழி ஒன்றுதான்: பக்கவாட்டில் ஒரு சாதாரண சிலிண்டர், பெயில்அவுட் என்பார்கள். சந்தேகம் வந்தால் காரணம் தேடாமல் அதற்கு மாறிவிட்டு மேலே வந்துவிட வேண்டும். மூச்சு வாங்குகிறவர் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்து, 30 மீட்டரில் இரண்டு நிமிடம், ஏற மூன்றரை நிமிடம், 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தம் என்று கூட்டிப் பார்த்தேன், 850 லிட்டர் வந்தது. அதாவது சின்னச் சிலிண்டரோடு சுகமாகப் போகலாம் என்று கருவியை வாங்கிவிட்டு, கூடவே இன்னொரு சிலிண்டரையும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். வீடியோவில் அதை யாரும் காட்டுவதில்லை.

எவ்வளவு ஆபத்து என்று தம்பி எண்ணாகக் கேட்டான். 1998 முதல் 2010 வரை பதிவான 181 ரீப்ரீதர் மரணங்களைப் பார்த்து, ஆஸ்திரேலிய மருத்துவர் ஆண்ட்ரூ ஃபாக் 2013-இல் வெளியிட்ட கட்டுரையில், சாதாரண பொழுதுபோக்கு முக்குளிப்பைவிட நான்கு முதல் பத்து மடங்கு ஆபத்து என்று மதிப்பிட்டிருக்கிறார். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஏதோ ஒருவகையில் அதிக ஆபத்தான முக்குளிப்போடும் நடத்தையோடும் தொடர்புள்ளவை. இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். ஒழுங்காக இருந்தால் பயமில்லை என்றும் படிக்கலாம், ஒழுங்காக இருப்பவர்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு என்றும் படிக்கலாம். நான் இரண்டாவது கட்சி. ஆலையில் பத்து வருட அனுபவம் உள்ளவர்தான் செக்லிஸ்ட்டைப் பார்க்காமலே எல்லாக் கட்டத்திலும் டிக் போடுவார், புதுசாக வந்த பையன் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பான்.

பணம், நேரம் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புதுக் கருவி ஒன்று, பயிற்சி, பெயில்அவுட் எல்லாம் சேர்த்தால் ஒரு சின்ன பெரோடுவா காடியின் விலை வந்துவிடும். சென்சார் ஒன்று சில நூறு வெள்ளி, அது மூன்று. சுண்ணாம்பு ஒவ்வொரு பயணத்துக்கும் செலவு. நைட்ராக்ஸ் தெரிந்திருக்க வேண்டும், அதன் பிறகு எந்தக் கருவியை வாங்குகிறோமோ அந்தக் கருவிக்கென்றே பயிற்சி, இன்னொரு கருவிக்கு மாறினால் அதற்கும் தனியாக. காலையில் கூட்டிச் சோதிக்க ஒரு மணி நேரம், மாலையில் பிரித்துக் கழுவிக் கிருமிநாசினி போட்டுக் காயவைக்க இன்னொன்று. நம் ஊர் ஈரக் காற்றில் மூச்சுப்பையைச் சரியாகக் காயவைக்காவிட்டால் இரண்டே நாளில் பழைய ரொட்டி மாதிரி பூஞ்சை வாசம் வரும், அதைத்தான் நுரையீரலுக்குள் இழுக்கப் போகிறோம். தீவில் சுத்த ஆக்சிஜன் நிரப்பித் தருவார்களா என்று மெர்சிங்கில் படகு ஏறுவதற்கு முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளவும் வேண்டும்.

அப்படியென்றால் யாருக்குத்தான் இது? குவாந்தானுக்கு அப்பால் கடலடியில் 1941 டிசம்பர் 10-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கிடக்கின்றன. எங்கள் பாட்டி 'சப்பான்காரன் வந்த வருசம்' என்று கணக்குச் சொல்லும் அதே காலம். கடலடி ஐம்பது மீட்டருக்கும் கீழே, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் 68 மீட்டரில். அந்த ஆழத்தில் வெறும் காற்றை இழுத்தால் போதை மாதிரி தலை சுற்றும், ஹீலியம் கலக்க வேண்டும், ஹீலியம் விலை அதிகம், சாதாரண சிலிண்டரில் அதை அண்டா கணக்கில் குமிழியாக விட்டுக்கொண்டிருக்க முடியாது. அங்கே ரீப்ரீதருக்கு நியாயம் இருக்கிறது. குமிழிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடும் மீனைப் பக்கத்தில் படம் எடுக்கிறவர்கள், குகைக்குள் மணிக்கணக்காகப் போகிறவர்கள், அவர்களுக்கும் அப்படியே.

குமிழி தெரியக் கூடாது என்பதே காரணமாக இருந்தவர்களும் உண்டு. அந்த இரண்டு கப்பல்களும் மூழ்கி ஒன்பதே நாளில், 1941 டிசம்பர் 19-இல், ஆறு இத்தாலியக் கடற்படை வீரர்கள் ஆக்சிஜன் ரீப்ரீதர் மாட்டிக்கொண்டு, டார்பிடோ மாதிரியான வாகனங்களில் ஏறி உட்கார்ந்து அலெக்சாண்டிரியா துறைமுகத்துக்குள் நுழைந்து, வேலியன்ட், குயீன் எலிசபெத் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுக்கு வெடி வைத்தார்கள். 1878-இல் ஹென்றி ஃப்ளூஸ் என்ற ஆங்கிலேயர் முதல் நடைமுறை ரீப்ரீதரைச் செய்தபோது, குஸ்டோவும் கான்யானும் நம் சிலிண்டர் முறையைக் கொண்டுவந்த 1943-க்கு இன்னும் அறுபத்தைந்து வருடம் இருந்தது. ஆக, இது புதுத் தொழில்நுட்பம் என்று யாராவது விற்கப் பார்த்தால் சிரித்துக்கொள்ளலாம். மூன்று சென்சாரும் கணினியும்தான் புதுசு.

தம்பியிடம் நான் கேட்டது ஒரே கேள்வி. உன் லாக் புத்தகத்தை எடு, காற்று தீர்ந்ததால் மேலே வந்த முக்குளிப்பு எத்தனை, மற்றது எத்தனை? ஒட்டுக்கடையிலேயே கைப்பேசியில் எண்ணினான். 83-இல் ஒன்பதுதான் காற்றுக்காக. மீதியெல்லாம் படகு நேரம், கூட வந்தவருக்குக் குளிர், நைட்ரஜன் கணக்கு முடிந்தது, ஒரு தடவை வயிற்றுக் கலக்கம். அந்த ஒன்பதிலும் ஏழு முதல் வருடத்தில், இன்னும் கைகால் உதறி நீந்திக்கொண்டிருந்த காலத்தில். நைட்ரஜன் கணக்கு மட்டும் பதினாலு தடவை குறுக்கே வந்திருந்தது, அதற்கு நைட்ராக்ஸ் போதும், ஒரே நாளில் படித்துவிடலாம். அவன் இன்னும் அதையே எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் தே தாரிக்கைக் கலக்கிக்கொண்டிருந்தான். பிறகு, "மார்ச்சுல பருவமழை முடிஞ்சு தீவு திறந்ததும் நைட்ராக்ஸ் எடுத்துடறேன்ணே" என்றான். சரி என்றேன். "அந்தக் குளத்துல மாட்டிப் பாக்குறது மட்டும் ஒரு தடவை போலாமா?" என்றும் கேட்டான். அதற்கும் சரி என்றேன், ஆசை எனக்கும் விடவில்லை. ஆனால் இந்த முறை மவுத்பீஸை மூடும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறேன்.